எப்.ஏ. தேறாத இராமானுஜன்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன் எழுதியது)



மலருக்கு இராமானுஜனைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றதும் நம் மன்றச் செயலாளர் சிரித்துவிட்டான். வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் இராமானுஜனைப் பத்தி எழுதுறான், கடைசியில தமிழ் மண்ணின் மைந்தர்னு முடிக்கிறான், நீயுமா மாப்ளே என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது உதவித்தொகையைப் பறிகொடுத்த, வேறு கல்லூரிக்கு மாறிப் போயும் தேறாத, விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்த இராமானுஜனைப் பற்றி. அந்த ஆள் டிப்ளமோக்காரர்களுக்கு ரொம்பச் சொந்தம்.

அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் வைகை அணை. அப்பா அணைக்குப் பக்கத்தில் மீன் பொரித்து விற்கிறார். பிளஸ் டூ முடித்த வருஷம் நான் ஒரே ஒரு பொறியியல் கல்லூரியை மனதில் வைத்திருந்தேன். கட்-ஆஃபில் கொஞ்சத்தில் போய்விட்டது. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் பூங்காப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா என் சர்டிபிகேட்டெல்லாம் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு, ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்தக் கல்லூரிக்கே போய்விட்டாள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மேல் தப்பும் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்களாம், தண்ணீர் கொடுத்தார்களாம். எம் மகன் கணக்குல நல்லா வருவான் சார் என்று அம்மா சொன்னாளாம். லிஸ்ட் எங்க கையில இல்லம்மா, மார்க் பிரகாரம்தான் வரும் என்று அவர்கள் சொன்னார்களாம். சாயந்திரம் திரும்பி வந்த அம்மா ஃபைலைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவ்வளவுதான்.

அப்புறம் நம் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே எஸ்.ஓ.எம். பேப்பர் போய்விட்டது. மறுமதிப்பீடு போடலாமா, இல்லை டி.சி. வாங்கிக்கொண்டு மதுரைப் பக்கம் சித்தப்பா மகன் படிக்கிற பாலிடெக்னிக்குக்கு மாறிவிடலாமா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் நம் நூலகத்தில் இராமானுஜனின் வாழ்க்கை வரலாறு கையில் அகப்பட்டது. முதல் ஐம்பது பக்கத்துக்குள் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் பிறந்த வீட்டாரிடத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த வீட்டை இப்போது நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். சுற்றுலா போனபோது நாமெல்லாம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? தெருவைப் பார்த்த ஜன்னல், பக்கத்தில் ஒரு கட்டில். நம்மில் பாதிப்பேர் கடப்பா காபி குடிக்க நழுவிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தங்கியிருந்த மாணவர்களிடம் லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தை வாங்கிப் படித்து முடித்துவிட்டார். பிறகு 1903-இல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த தடித்த கணிதப் புத்தகம் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தனிப்பயிற்சி கொடுத்த ஆசிரியர் அவர். ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புத்தான். நம்ம ஊர் நோட்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க ஆரம்பித்தார். தாள் விலை அதிகம். அதனால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தப் பழக்கம் பிறகு அவரை ரொம்பச் சோதித்தது. விடை இருக்கும், வந்த வழி நோட்டில் இருக்காது. ஸ்டெப் எழுதாமல் ஆன்சர் மட்டும் எழுதினால் நம் ஊரில் எத்தனை மார்க் என்று உங்களுக்கே தெரியும்.

டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு வாங்கி, 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். இரண்டு வருஷப் படிப்பு. இன்றைய பிளஸ் டூவுக்குப் பக்கத்தில் வரும். உதவித்தொகையும் கிடைத்தது. அந்தக் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர். அங்கே கணிதம் மட்டும் படித்தால் போதாது. ஆங்கிலம், உடலியல், கிரேக்க ரோம வரலாறு எல்லாம் உண்டு. இராமானுஜன் வகுப்பில் உட்கார்ந்து வேறு பாடம் நடக்கும்போதும் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை நின்றது.

நம் அணையில் நீர் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது, அப்புறம்தான் மதகைத் திறப்பார்கள். ஆற்றோரம் இருக்கிறவர்கள் ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போக நேரம் இருக்கும். பரீட்சையில் அப்படிச் சங்கு ஊத ஆளில்லை. அல்லது ஊதுகிறார்கள், நம் காதில் விழுவதில்லை. எனக்கு இன்டர்னல் மார்க் வந்தபோதே சங்கு ஊதியாகிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

இப்போது நான் நின்றுபோன இடம். உதவித்தொகை நின்றதும் கோமளத்தம்மாள் நேராகக் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனார். கணிதத்தில் என் மகனுக்கு ஈடு யார், அவனுக்கு எப்படி இல்லையென்பீர்கள் என்று வாதாடினார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விதி விதிதான், பையன் ஆங்கிலத்தில் தேறவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஓர் அம்மா. ஆண்டிபட்டிப் பக்கம் இன்னோர் அம்மா. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். லைப்ரரியன் சார் என்னப்பா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கோபம் வரும் இந்த இடத்தில். எனக்கும் முதலில் அந்த முதல்வர் மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அவர் என்ன செய்திருக்க முடியும்? அவர் முன்னால் இருந்தது தோற்ற தாள். அதில் மதிப்பெண் தவறாகக் கூட்டப்படவில்லை. விதியும் எல்லோருக்கும் பொதுவான விதி. மகன் நல்லவன், கெட்டிக்காரன் என்பதற்கு அம்மாவின் வார்த்தையைத் தவிர வேறு சான்று அன்று அவர் மேசைக்கு வரவில்லை.

எல்லா மறுப்பும் இப்படி இல்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் புதுக்கோட்டையில் ஒரு பெண், முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். மதிப்பெண் குறையவில்லை, பையன்கள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்பதுதான் தடை. பிறப்பைச் சொல்லியும் எதிர்த்தார்கள். சமஸ்தான மன்னர் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். அவர்தான் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரக் காரணமாக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அங்கே மேல்முறையீடு நியாயம். ஆளைப் பார்த்து மறுத்திருக்கிறார்கள், அதைக் கேட்டே ஆகவேண்டும். என் கேஸ் அது இல்லை. இராமானுஜன் கேஸும் அன்றைக்கு அது இல்லை.

1905 ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பத்திரிகையில் தேட வேண்டியதாயிற்று. எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். மறுவருஷம் கல்லூரி மாற்றம்! சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் எப்.ஏ. படிக்கப் போனார். இங்கே வாத்தியார்கள் நல்லவர்கள். பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரோடு உட்கார்ந்து கணிதப் பத்திரிகைகளில் வந்த கணக்குகளைப் போட்டார். மூன்று மணி நேரக் கணிதத் தாளை அரைமணியில் முடித்துவிடுவாராம். ஆனால் உடலியல் என்றால் வெறுப்பு. தவளையை அறுத்துப் பார்க்கிற பாடத்தில் பத்து சதவீதம்கூட வாங்கவில்லை. நடுவில் வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குப் போய்ப் படுத்தார். 1906 டிசம்பரில் தேர்வு, தோல்வி. 1907-இல் தனித்தேர்வராக எழுதினார், மறுபடி தோல்வி. அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. வயது இருபது.

கும்பகோணத்தில் ஆங்கிலத்தை விட்டவர் சென்னையில் உடலியலை விட்டார். இடம் மாறியது, ஆள் மாறவில்லை. இதைப் படித்த அன்றே என் மதுரைத் திட்டம் பாதி செத்துப்போய்விட்டது. சித்தப்பா மகன் கல்லூரியிலும் எஸ்.ஓ.எம். இருக்கிறது, அதே சிலபஸ்!

அடுத்த மூன்று வருஷம் ரொம்ப மோசம். வேலை இல்லை, பட்டம் இல்லை. டியூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்தை விட்டு எங்கோ போய்விடுவார், பையன்களுக்குப் புரியாது. 1909 ஜூலையில் அம்மா அவருக்கு ஜானகி என்ற சிறுமியை அந்தக் கால வழக்கப்படி மணம் முடித்துவைத்தார். இனிமேல் சம்பாதிக்க வேண்டும். இரண்டு பெரிய நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு இராமானுஜன் ஆட்களைப் பார்க்கக் கிளம்பினார். அவர் வாழ்க்கை திரும்பியது இங்கேதான்.

1910-இல் திருக்கோவிலூர். அங்கே துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இந்த ஆளை ரெவின்யூ இலாகாவில் கொண்டுபோய்ப் புதைக்க மனம் வராமல், வேலை தராமல், சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த நேரத்தில் அதுவும் ஒரு நிராகரிப்பாகத்தான் தெரிந்திருக்கும். சென்னையில் கும்பகோணத்துப் பழைய ஆசிரியர் சேஷு ஐயர், அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் முதலில் நம்பவில்லை. பேசிப் பேசிப் பார்த்து நம்பினார். மாதம் 25 ரூபாய் தன் கைக்காசிலிருந்து அனுப்பினார். 1911-இல் கணிதக் கழகப் பத்திரிகையில் பெர்னூலி எண்களைப் பற்றி இராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது.

எத்தனை நாள் இன்னொருத்தர் காசில் சாப்பிடுவது? 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் போட்டார். நண்பர்களே, இந்த விண்ணப்பத்தை நம் பிளேஸ்மென்ட் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்துச் சில சூழ்நிலைகளால் தொடர முடியாமல் போனதையும் ஒளிக்காமல் எழுதினார். கணிதத்தில் உழைத்துவருவதைச் சொன்னார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசைச் சேர்த்தார். மார்ச் 1-இல் வேலை. மாதம் 30 ரூபாய்.

நம்ம துறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். ஆற்றுப் பாலங்களைக் காக்க ஓரத்தில் கட்டும் வழிகாட்டுக் கரைகளைப் பற்றி 1903-இல் புத்தகம் எழுதிய ரயில்வேக்காரர். சிவில் நண்பர்கள் கைடு பண்ட் என்று படிப்பீர்களே, அதுதான். அவருக்குக் கீழே மேலாளர் நாராயண ஐயர், கணிதம் படித்தவர். சாயந்திரமானால் அவரும் இராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். சென்னைப் பொறியியல் கல்லூரியில், அதாவது இன்றைய கிண்டி, சிவில் பேராசிரியராக இருந்த கிரிபித் என்பவர் இந்தக் குமாஸ்தாவைப் பற்றி ஸ்பிரிங்குக்கு எழுதினார். லண்டனில் தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கும் இராமானுஜனின் கணக்குகளை அனுப்பினார். கணிதப் பட்டதாரிகள் நிறைய இருந்த ஊரில், ஒரு பாலம் கட்டுகிறவரும் ஒரு சிவில் வாத்தியாரும் இவ்வளவு தூரம் மெனக்கெட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை.

ஹில் என்ன பதில் எழுதினார்? இந்த இளைஞருக்குக் கணிதத்தில் ருசி இருக்கிறது, ஆனால் முடிவிலித் தொடர்களில் வழுக்கி விழுந்திருக்கிறார், நிரூபணத்தைத் தெளிவாக எழுத வேண்டும், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்பது சாரம். முழு நிராகரிப்பு இல்லை, திருத்தம். பின்னர் இராமானுஜனே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதினார். பயன் இல்லை. மூன்றாவதாக 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு ஒரு கடிதம். கூடவே பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டி முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, ராத்திரி லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்து, அசந்துபோனார். பிப்ரவரி 8-இல் பதில் எழுதினார். அதிலும் கேட்டது என்ன தெரியுமா? நிரூபணங்கள்! ஸ்டெப் எங்கே என்று ஹார்டியும் கேட்டார்.

ஹார்டியின் கடிதம் கையில் வந்தபின் ஸ்பிரிங் சும்மா இருக்கவில்லை. அந்தப் பிப்ரவரியில் இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். பருவமழையைக் கணிக்க முயன்று, பசிபிக் கடலுக்கும் நம் மழைக்கும் உள்ள தொடர்பைப் பின்னாளில் எடுத்துச் சொன்னவர் இவர். நம்ம வைகையில் தண்ணீர் வருமா வராதா என்று எல் நினோவைப் பற்றிப் பேசுகிறோமே, அந்தப் பேச்சின் தொடக்கத்தில் இவர் பெயர் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். ஸ்பிரிங் அவரிடம் நோட்டுகளைக் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார்.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு ஒரு சங்கடம். மார்ச் 19-இல் கணிதப் பாடக்குழு கூடி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை இரண்டு வருஷத்துக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் அப்படிப்பட்ட உதவித்தொகை பட்டம் பெற்றவர்களுக்குத்தான். இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர். இடமில்லை என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தங்கள் விதிமுறைகளில் இதற்கு வழியில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். விதிமுறைக்கு மேலே சட்டம் இருக்கிறதே, பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டமும் 1904-ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டமும், அவை கவர்னரின் சம்மதத்தோடு இதை அனுமதிக்கும் என்று கண்டுபிடித்து, அந்தச் சம்மதத்தையும் வாங்கினார்கள். 1913 மே மாதம் முதல் இராமானுஜன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதிக் கொடுத்தால் போதும்.

கோமளத்தம்மாள் கேட்டதும் விதியைத் தளர்த்தத்தான். எட்டு ஒன்பது வருஷம் கழித்து அதே விதி தளர்ந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்தேன். நோட்டு நிரம்பியது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். அச்சில் கட்டுரை வந்தது. விதியைத் தளர்த்தும் அதிகாரம் உள்ள இடத்துக்கு, அந்த இடத்தார் மதிக்கிற ஆளின் கையெழுத்தோடு காகிதம் போனது. அம்மாவின் ஃபைலில் இதெல்லாம் இல்லை. என் ஃபைலிலும் இல்லை.

சிலர் இதைச் சொல்லித்தான் பரீட்சையெல்லாம் வெட்டி, மேதைக்கு மார்க் எதுக்கு என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இராமானுஜன் அந்த ஐந்தாறு வருஷத்தில் எவ்வளவு இழந்தார் என்பதைக் கணக்குப் போட வேண்டும். சாப்பாடில்லாமல் உடம்பு போனது. ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடித்துவிட்ட பலவற்றை அறியாமல் திரும்பத் தானே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பிரிங்கும் ஒரு நாராயண ஐயரும் கண்ணில் படாமல் போயிருந்தால்? நோட்டோடு அலைந்து, யாரும் படிக்காமல், தாலுகா ஆபீசில் ரிட்டையர் ஆனவர்கள் எத்தனை பேரோ.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்கிறேன். கடல் தாண்ட முதலில் மறுத்தவர், பிறகு இசைந்து, 1914 மார்ச் 17-இல் நெவாசா கப்பலில் ஏறினார். உதவித்தொகையில் மாதம் 60 ரூபாய் அம்மாவுக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேரவும் சான்றிதழ் தகுதி கிடையாது. அங்கேயும் விலக்குக் கொடுத்தார்கள். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கிடைத்தது. எப்.ஏ. இரண்டு தடவை கோட்டைவிட்டவருக்குப் பரீட்சை எழுதாமலே கேம்பிரிட்ஜ் பட்டம்!

ஆனால் நிராகரிப்பு அங்கேயும் விடவில்லை. பெரும்பாலான கட்டுரைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். 1917-இல் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர் பதவிக்கு ஹார்டி அவர் பெயரைச் சொன்னபோது, கல்லூரி தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கறுப்பு மனிதரா என்ற எண்ணம் சிலரிடம் இருந்தது. போரை எதிர்த்த ரஸ்ஸல் விவகாரத்தில் ஹார்டி மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. இது கும்பகோணத்து மறுப்பு மாதிரி இல்லை, புதுக்கோட்டை மறுப்பு மாதிரி. உலகப்போர்க் காலம், சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், குளிர், நோய், வீட்டிலிருந்து சரியாகக் கடிதமில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் அவர் தன் உயிரையே போக்கிக்கொள்ள முயன்று, ரயில் நிலையத்தில் ஒருவரால் காப்பாற்றப்பட்டார். இதை மலரில் எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். நம் ஹாஸ்டலில் ரிசல்ட் வந்த ராத்திரி சிலர் மொட்டைமாடிக்குப் போய்த் தனியாக உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். அப்போது யாராவது கூடப் போய் உட்காருங்கள். பேசக்கூட வேண்டாம்.

அன்று அவர் காப்பாற்றப்பட்டதால் நடந்தவை இவை. அதே 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர். இந்தியர்களில் இரண்டாமவர், முதலாமவர் 1841-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பம்பாய்க் கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி. அக்டோபரில் டிரினிட்டி மறுபடி வாக்கெடுத்தது. ஹார்டி இந்த முறை முன்னால் நிற்காமல் லிட்டில்வுட் பெயரை முன்மொழிய, தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கிடந்து, 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்ணில் பட்டன. ஜானகி அம்மாள் 1994 வரை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். மறுமதிப்பீடு போடுவதற்கு முன்னால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். வளைவுத் திருப்புத்திறன் படம் வரைய வேண்டிய கேள்வியில் வினைவிசையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருந்தேன். படமே இல்லை. மார்க் போட்டவர் தாராளமாகத்தான் போட்டிருந்தார். மறுமதிப்பீட்டுக்குக் கட்ட வைத்திருந்த காசில் புதுசாக ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கினேன். டி.சி. கேட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தின் பின்பக்கத்தில்தான் முதல் கணக்கைப் போட்டேன். போட்ட கணக்குகளை வாரத்துக்கு ஒருமுறை எஸ்.ஓ.எம். சாரிடம் காட்டுகிறேன். அவர் சிவப்புப் பேனாவில் சுழிக்கிறார். அரியர் எழுதியாகிவிட்டது. இந்த மலர் அச்சுக்குப் போகிறவரை ரிசல்ட் வரவில்லை. தேறினால் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.க்கு விண்ணப்பிப்பேன். போன தடவை கிடைக்காத அதே கல்லூரியின் பெயரையும் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுது, ஆனா அதுக்குக் கீழ இன்னும் நாலு பேரு எழுது என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

அம்மாவுக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். கணக்கு, கேம்பிரிட்ஜ் எதிலும் அவளுக்கு அக்கறை இல்லை. கும்பகோணத்து அம்மா வந்த இடத்தில் மட்டும் என்னை நிறுத்தி, அந்தக் காலேஜ் அவுக வீட்டுக்குப் பக்கமா என்று கேட்டாள். இல்லம்மா, காவிரிக்கு அக்கரையில இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஆத்தைத் தாண்டிப் போயிருக்கு அந்தம்மா என்றாள்.